வீட்டு நீச்சல்குளத்தின் பம்பு, வடிகட்டி, குளோரின்: குமரி மாவட்டத்திற்கு எது பொருந்தும்?

கன்னியாகுமரி மாவட்டத்தில் வீட்டு வளாகத்துக்குள் நீச்சல்குளம் இருப்பது இப்போது அரிய காட்சியன்று. மார்த்தாண்டம், தக்கலைப் பக்கங்களில் வெளிநாட்டு வருவாயில் எழுந்த வீடுகளிலும், முட்டம் முதல் கன்னியாகுமரி வரையுள்ள கடலோர விருந்தினர் இல்லங்களிலும் சிறு குளங்கள் உள்ளன. குளம் கட்டியபோது பொருத்திய இயந்திரங்கள் சில ஆண்டுகளில் தளரத் தொடங்கியதும் உரிமையாளர் மூன்று முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கிறது. பம்பைப் பழுது பார்ப்பதா, மாற்றுவதா. மணல் வடிகட்டியையே வைத்துக்கொள்வதா, மடிப்பு மடிப்பான துணி உருளை கொண்ட கார்ட்ரிட்ஜ் வடிகட்டிக்கு மாறுவதா. குளோரினைக் கையால் இடுவதா, உப்பிலிருந்து குளோரின் உண்டாக்கும் கருவியை வாங்குவதா. விற்பனையாளர்களின் விளக்கத்தாள்கள் எல்லா ஊர்களுக்கும் ஒரே விடையைத் தருகின்றன. இந்த மாவட்டத்தில் அந்த விடை கிணற்று நீரின் தன்மையையும், கடல் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதையும், ஆண்டுக்கு இரண்டு முறை பெய்யும் பருவமழையையும் பொறுத்து வீட்டுக்கு வீடு மாறும் என்பதே என் உறுதியான கருத்து.

கணக்கிடுவதற்கு வசதியாக 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழம் உள்ள ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ஏறத்தாழ 45,000 லிட்டர் நீர் நிற்கும். அந்த நீர் முழுவதும் 6 மணி நேரத்தில் ஒருமுறை வடிகட்டி வழியாகச் சுற்றி வர வேண்டுமானால், பம்பு மணிக்கு 7,500 லிட்டர் நீரைத் தள்ளினால் போதும். இந்த எண்ணை நினைவில் வைத்திருப்பவர் தேவைக்கு மிஞ்சிய பம்பை வாங்க மாட்டார்.

எதை வாங்குவது என்று ஒப்பிடுவதற்கு முன், உண்மையில் எது கெட்டிருக்கிறது என்பதைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். சிறு உதிரிப்பொருள் ஒன்று போனதற்காகப் பம்பு முழுவதையும் கழித்துவிடுவது இங்கே அடிக்கடி நடக்கிறது. மோட்டார் முனகுகிறது, ஆனால் சுழலவில்லை என்றால் முதலில் ஐயுற வேண்டியது மோட்டாரைச் சுழலத் தொடங்கவைக்கும் கெப்பாசிட்டரை. மின்சாரத்தைத் துண்டித்த பிறகு அச்சைக் கையால் சுற்றிப் பார்த்தால் எளிதாகச் சுழல்கிறதா, இறுகி நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். மோட்டாருக்கும் பம்பின் நீர்ப்பகுதிக்கும் இடையில் சொட்டுச் சொட்டாக நீர் கசிந்தால் மெக்கானிக்கல் சீல் தேய்ந்திருக்கிறது. அதன் விலை புதுப் பம்பின் விலையில் மிகச் சிறிய பங்குதான், ஆனால் அதை மாற்றாமல் விட்டால் அதே நீர் பேரிங்கில் இறங்கி மோட்டாரையே தின்றுவிடும். கீச்சென்ற ஒலி எழுந்தால் பேரிங் போய்விட்டது என்று பொருள். பம்பின் வாயில் குப்பையைப் பிடிக்கும் ஸ்ட்ரெய்னர் கூடையின் கண்ணாடி மூடிக்குள் காற்றுக் குமிழிகள் ஓடிக்கொண்டே இருந்தால், குளத்தின் நீர்மட்டம் மேல்நீரை உறிஞ்சும் ஸ்கிம்மர் வாய்க்குக் கீழே இறங்கியிருக்கலாம், அல்லது மூடியின் ஓ-ரிங் வழியாகவோ உறிஞ்சு குழாயின் இணைப்பு வழியாகவோ காற்று நுழையலாம். நீர்வரத்து குறைந்து, வடிகட்டியின் அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் கேஜும் குறைவாகக் காட்டினால் அடைப்பு பம்புக்கு முன்னாலோ பம்புக்குள்ளேயோ இருக்கிறது. தென்னம்பூவும் நாரும் பம்புக்குள் நீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரில் சிக்கிக்கொள்வது தென்னந்தோப்புக்குள் இருக்கும் குளங்களில் வழக்கமான செய்தி. நீர்வரத்து குறைந்து கேஜ் மட்டும் உயர்ந்தால் வடிகட்டி அழுக்கேறியிருக்கிறது.

குளத்தின் நீர்மட்டம் நாள்தோறும் இறங்குவதைக் கண்டு குழாய் உடைந்துவிட்டதென்று தரையைத் தோண்டத் தொடங்குவோரும் உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாயும் காற்று முப்பந்தலின் காற்றாலைகளைச் சுழற்றுவதோடு நிற்பதில்லை. அந்தப் பக்கத்துக் குளங்களின் நீரையும் விரைவாக ஆவியாக்குகிறது. ஒரு வாளியில் நீர் நிரப்பி, குளத்தின் படிக்கட்டில் பாதி மூழ்குமாறு வைத்து, வாளியின் உள்மட்டத்தையும் குளத்தின் மட்டத்தையும் குறித்துவிட்டு, ஒரு நாள் கழித்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது ஆவியாதல். குளம் கூடுதலாக இறங்கியிருந்தால் மட்டுமே கசிவு.

இத்தனையும் பார்த்த பிறகு பம்பைப் பற்றிய முடிவுக்கு வரலாம். சீல், கெப்பாசிட்டர், பேரிங், ஓ-ரிங் ஆகியவற்றில் எது போயிருந்தாலும் பழுது பார்ப்பதே சரி. மோட்டாரின் கம்பிச் சுருளான காயில் எரிந்துவிட்டால்தான் உண்மையான தேர்வு எழுகிறது. விவசாய மோட்டார்களைக் காலங்காலமாகப் பழுது பார்த்து வருவதால் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் காயில் கட்டுபவர்கள் கிடைப்பது எளிது. ஆனால் பழைய உடலில் புதிய காயில் கட்டும்போது பேரிங்கும் சீலும் கூடவே மாற்றப்படாவிட்டால் அந்தச் செலவு வீணாகும். இன்னொரு கேள்வியையும் இந்தக் கட்டத்தில் கேட்டாக வேண்டும்: எரிந்த பம்பு இந்தக் குளத்துக்குப் பொருத்தமான அளவுதானா? மேற்சொன்ன அளவுள்ள குளங்களில் 1.5 குதிரைத்திறன் பம்பு பொருத்தியிருப்பதை எங்கும் காணலாம். அது வேண்டியதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீரைத் தள்ளுகிறது. அத்தகைய குளங்களில் பெரும்பாலும் இருப்பது 500 மி.மீ. விட்டமுள்ள மணல் வடிகட்டி. அதன் மணற்பரப்பு மணிக்கு 10,000 லிட்டர் அளவுக்கே நன்றாக வடிகட்டும். அதற்கு மேல் வேகமாகத் தள்ளப்படும் நீர் மணலில் தங்க வேண்டிய நுண்ணழுக்கையும் இழுத்துக்கொண்டு குளத்துக்கே திரும்புகிறது.

ஆகவே ஒப்பிட வேண்டியவை மூன்று: பழைய 1.5 குதிரைத்திறன் பம்பைச் சீர்செய்து தொடர்வது, 0.75 குதிரைத்திறன் கொண்ட சாதாரண ஒற்றை வேகப் பம்பை வாங்குவது, வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் கூடிய பம்பை வாங்குவது. முதலாவது, நாள் ஒன்றுக்கு 8 மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 12 யூனிட் மின்சாரம் எடுக்கும். மின்வாரியத்தின் இரண்டு மாதக் கணக்கில் இது 700 யூனிட்டைத் தாண்டும். யூனிட் கூடக் கூடக் கட்டண விகிதமும் உயரும் முறையில் இந்தச் சுமை மிகப் பெரியது. இரண்டாவது, அதே 8 மணி நேரத்தில் குளத்து நீரை ஒரு முறைக்கு மேலாகவே சுற்றிவிட்டு, ஏறத்தாழ 6 யூனிட்டில் வேலையை முடித்துவிடும். நீரை எதிர்த்திசையில் செலுத்தி வடிகட்டி மணலைக் கழுவும் பேக்வாஷுக்கு வேண்டிய நீர்வேகமும் இதில் கிடைக்கும் என்பதால் 0.5 குதிரைத்திறனுக்கு இறங்கத் தேவையில்லை. மூன்றாவதன் பின்னால் இருப்பது ஓர் இயற்பியல் விதி: வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் நீரோட்டம் பாதியாகும், மின்திறனோ எட்டில் ஒரு பங்காகும். குறைந்த வேகத்தில் மோட்டாரின் செயல்திறன் சற்றுக் குறைவதால் முழு ஆதாயமும் கைக்கு வராது. எனினும் 2 அல்லது 3 யூனிட்டில் ஒரு நாளை ஓட்டிவிடலாம்.

எண்களை மட்டும் பார்த்தால் மூன்றாவதே வெல்லும். ஆனால் அதன் விலை சாதாரணப் பம்பைவிடப் பல மடங்கு. அதன் உயிர் ஒரு மின்னணுப் பலகையில் இருக்கிறது. கடலோர உப்புக் காற்றும், மழைக்காலத்தில் பம்பு அறையில் தேங்கும் ஈரமும், சித்திரை மாதத்திலும் ஐப்பசியிலும் மாலை நேரங்களில் வரும் இடிமின்னலும், அந்தி நேரத்து வோல்டேஜ் குறைவும் அந்தப் பலகைக்குப் பகைகள். பலகை போனால் உள்ளூரில் அதைச் சீர்செய்ய ஆள் கிடைப்பது கடினம். பழுது பார்க்க வெளியூருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் நாள்களில் குளம் பச்சையாகிவிடும். ஆண்டு முழுவதும் விருந்தினர் வரும் இல்லங்களுக்கும், நன்கு மூடிய உலர்ந்த பம்பு அறை உள்ள வீடுகளுக்கும் வேகம் மாற்றக்கூடிய பம்பைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வெளிநாட்டில் வாழும் குடும்பம் விடுமுறைக்கு மட்டும் வந்து செல்லும் வீட்டில், தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர்தான் பம்பையும் இயக்குகிறார் என்றால், 0.75 குதிரைத்திறன் சாதாரணப் பம்பே நலம். பழையதைப் பெரிதாகவே தொடர்வதற்கு எனக்குத் தெரிந்து நியாயம் எதுவும் இல்லை.

பம்பு அறையைப் பற்றி இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. புதிய இயந்திரத்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை முதலில் இந்த அறைக்குச் செலவிடுவது அதிகப் பயன் தரும். அறை தரைமட்டத்துக்குக் கீழே பள்ளமாக இருந்தால் ஐப்பசி மழையில் மோட்டார் மூழ்கும். மோட்டாரைத் திட்டு ஒன்றின் மேல் உயர்த்தி வைத்து, தேங்கும் நீரைத் தானே வெளியேற்றும் சிறு பம்பையும் அமைக்க வேண்டும். குளோரினையும் அமிலத்தையும் அதே அறையில் வைப்பது மிகவும் கெடுதி. அவற்றிலிருந்து கசியும் ஆவி, கடற்காற்று செய்யும் அரிப்பைப் பல மடங்காக்கி, மின் இணைப்புகளைப் பச்சை பூக்கச் செய்கிறது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியும் முறையான எர்த் இணைப்பும் இல்லாத குளத்தில் யாரையும் இறங்க விடக் கூடாது. குழந்தைகள் குளிக்கும் நீரில் மின்கசிவு என்றால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

வடிகட்டியைப் பொறுத்தவரை தேர்வு எளிது. கார்ட்ரிட்ஜ் வடிகட்டி மணலைவிட நுண்ணிய அழுக்கைப் பிடிக்கிறது, பேக்வாஷ் நீரும் அதற்குத் தேவையில்லை. இவை உண்மையான நன்மைகள். ஆயினும் குலசேகரம், அருமனைப் பக்கத்தில் ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் மார்கழி, தை மாதங்களிலும், கிழக்கே புழுதிக் காற்று வீசும் மாதங்களிலும் கார்ட்ரிட்ஜை அடிக்கடி கழற்றி மடிப்பு மடிப்பாகக் கழுவுவது பெரும் வேலையாகிவிடும். மணல் வடிகட்டியில் நீரின் பாதையை மாற்றும் மல்டிபோர்ட் வால்வில் நீரை வடிகட்டிக்குள் செலுத்தாமல் நேராக வெளியேற்றும் நிலை ஒன்று உண்டு. மழை வெள்ளம் சேறு கொண்டுவந்தாலும், இரும்புக் கசடு அடியில் படிந்தாலும் அதை உறிஞ்சி வெளியே தள்ள அந்த நிலை பெரிதும் உதவுகிறது. ஆகையால் மணல் வடிகட்டியையே வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் தொங்கவிடும் குழாயில்லா வடிகட்டிகள், பம்பு அறை கட்ட இடமே இல்லாத மாடிக் குளங்களுக்கு மட்டும் பொருந்தும்.

மணல் வடிகட்டி வைத்திருப்பவர்கள், கழுவி முடித்த தூய நிலையில் கேஜ் காட்டும் அளவைச் சுவரில் எழுதி வைக்க வேண்டும். அதிலிருந்து அரை பார் உயர்ந்ததும் இரண்டு மூன்று நிமிடம் பேக்வாஷ் செய்து, பின் எஞ்சிய அழுக்கு நீரை வெளியே அலசிவிடும் ரின்ஸ் நிலையில் சிறிது ஓட்டிவிட்டு வடிகட்டும் நிலைக்குத் திருப்ப வேண்டும். பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது வால்வின் கைப்பிடியைத் திருப்பினால் உள்ளே இருக்கும் கேஸ்கெட் கிழியும். குளத்துக்குள் மணல் வந்து விழுந்தால் வடிகட்டியின் அடியிலுள்ள கிளைக்குழாய்களில் ஒன்று உடைந்திருக்கிறது. 5 முதல் 7 ஆண்டுகளுக்கு ஒருமுறை மணலை மாற்றும்போது, சலித்துத் தரம் பிரித்த சிலிக்கா மணலையே கேட்டு வாங்க வேண்டும். கடற்கரை மணல் அருகில் கிடைக்கிறதே என்று அதை அள்ளி நிரப்பலாகாது. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட்டும் தோரியம் அடங்கிய மோனசைட்டும் கலந்திருப்பது நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. சிப்பித் தூளும் நுண்துகளும் சேர்ந்த அந்த மணல் வடிகட்டுவதற்கு ஏற்றதும் அன்று.

இனிக் குளோரின். இந்த மாவட்டத்தின் இரு பக்கங்களும் ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறுபடுவது இங்கேதான். விளவங்கோடு, கல்குளம் பகுதிகளின் சரல் மண்ணில் ஊறும் கிணற்று நீர் பெரும்பாலும் மென்மையானது, சற்றே அமிலத் தன்மை உடையது, பல இடங்களில் இரும்பும் கலந்தது. அகஸ்தீஸ்வரம் பக்கத்திலும் கடலோரத்திலும் ஆழ்துளைக் கிணற்று நீரில் கடினத்தன்மையும் உப்பும் மிகுந்திருப்பதுண்டு. குளத்து நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7.2 முதல் 7.6 வரையும், குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மி.கி. வரையும் இருப்பது நல்லது. பி.எச். 7.2 ஆக இருக்கும்போது இட்ட குளோரினில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கிருமியைக் கொல்லும் வலிமையான வடிவில் இருக்கும். அது 8 ஆக உயர்ந்துவிட்டால் நான்கில் ஒரு பங்குதான் அப்படி இருக்கும். குளோரின் போட்டும் பாசி போகவில்லை, பம்பு சரியில்லை என்று புலம்பும் பல வீடுகளில் குறை பம்பில் இல்லை. இந்த எண்ணில் இருக்கிறது.

கையால் இடுவதற்குக் கிடைப்பவை பல. கடைகளில் எளிதில் கிடைக்கும் பிளீச்சிங் பவுடர் மலிவானது. ஆனால் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே குளோரின், எஞ்சியதில் பெரும்பகுதி சுண்ணாம்பு. அது நீரைக் கலங்கச் செய்து மணலையும் அடைக்கும். அதைவிட 65 விழுக்காட்டுக்கு மேல் குளோரின் தரும் கால்சியம் ஹைப்போகுளோரைட் நன்று. அது நீரில் கால்சியத்தைக் கூட்டி, பி.எச். அளவையும் சற்று உயர்த்துவதால் மேற்குப் பகுதியின் மென்மையான, அமில நீருக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஓடு பதித்த குளங்களில் இடைவெளிச் சிமென்ட் கரைந்து உதிர்வதை அந்தக் கால்சியமே ஓரளவு தடுக்கும். ஏற்கெனவே கடினமான கிழக்கு, கடலோர நீரில் அதே பொருள் குழாய்களில் சுண்ணப் படிவை வளர்க்கும், அங்கே டி.சி.சி.ஏ. (ட்ரைகுளோரோ ஐசோசயனூரிக் அமிலம்) என்னும், 90 விழுக்காடு குளோரின் தரும் மாத்திரை ஏற்றது. மாத்திரை பி.எச். அளவைக் குறைப்பதோடு, வெயிலில் குளோரின் சிதைந்து போகாமல் காக்கும் சயனூரிக் அமிலத்தையும் நீரில் விடுகிறது. அந்தக் காப்பு இல்லாவிட்டால் நண்பகல் வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக் குளோரின் அழிந்துவிடும். காப்பும் அளவோடு இருக்க வேண்டும்: 10 மி.கி. குளோரினுக்கு 6 மி.கி. வீதம் அது சேர்ந்துகொண்டே போகும். லிட்டருக்கு 50 மி.கி.யைத் தாண்டினால் குளோரினின் வேகம் மந்தமாகும். இரண்டு பருவமழையிலும் குளம் நிரம்பி வழிந்து இந்தச் சேர்மானத்தைத் தானே குறைப்பது நமக்குக் கிடைத்த வசதி.

கால்சியம் ஹைப்போகுளோரைட்டையும் டி.சி.சி.ஏ. மாத்திரையையும் ஒரே பாத்திரத்தில், ஒரே கரண்டியில், குளத்தில் மிதந்தபடி குளோரினைக் கரைத்துவிடும் ஒரே மிதவையில் ஒருபோதும் கலக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். எந்தக் குளோரின் பொருளோடும் அமிலம் சேர்ந்தால் நச்சுவாயு வெளிப்படும். ஒரு வகையை விட்டு மற்றொன்றுக்கு மாறும் வீடுகளில் பழைய மிதவையையும் கரண்டியையும் எறிந்துவிட்டுப் புதியவை வாங்க வேண்டும். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

உப்பிலிருந்து குளோரின் உண்டாக்கும் கருவியை வாங்கலாமா என்று கேட்பவர்கள் பெருகி வருகிறார்கள். அதன் வசதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நாள்தோறும் குளோரின் இட ஆள் வேண்டியதில்லை. அளவும் சீராக இருக்கும். லிட்டருக்கு 3 முதல் 4 கிராம் வரை, அதாவது கடல் நீரின் உப்பில் பத்தில் ஒரு பங்கு அளவு, உப்பு கரைந்திருந்தால் போதும். நாம் எடுத்துக்கொண்ட குளத்துக்கு அது ஏறத்தாழ 160 கிலோ. ஆனால் மழை இங்கே எதிராக வேலை செய்கிறது. ஒரு பருவத்தில் 300 மி.மீ. மிகுதி நீர் குளத்தில் கலந்து வழிந்தோடினால் உப்பில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 30 கிலோவுக்கு மேல், தோட்டத்துக்குப் போய்விடும். அந்த நீர் தென்னையைப் பெரிதாகப் பாதிக்காது. வாழைக்கு அது கேடு. உப்பை மீண்டும் நிரப்பாமல் கருவியை ஓட்டினால் டைட்டானியத் தகடுகளின் பூச்சு விரைவில் தேயும். தகடுகள் இயல்பாகவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியவை, அதுவும் பெருஞ்செலவு. கடின நீரில் அவற்றின் மேல் சுண்ணம் படியும். இரும்பு கலந்த நீரில் செம்பழுப்புக் கறை ஏறும். உப்பு நீர் தெறிக்கும் ஏணிகளும் திருகாணிகளும் கடலோர வீட்டில் முன்பே உப்புக் காற்றில் துருப்பிடிப்பவை. எனவே கடலோரத்தில் இந்தக் கருவி வேண்டாம் என்பேன். மேற்கே, இரும்பு இல்லாத நீர் கிடைத்து, குளத்தின் வழிநீர் வாழைத்தோட்டத்துக்குச் செல்லாத வீடுகளில், உரிமையாளர் தொலைவில் இருந்தால், வாங்கலாம். அங்கே கருவி பி.எச். அளவை உயர்த்துவதுகூட அமில நீருக்கு ஒத்துப்போகிறது.

இரும்பு கலந்த நீருக்குத் தீர்வு கருவிகளில் இல்லை. புதிதாக நிரப்பிய தெளிந்த நீரில் குளோரின் இட்டதும் தேநீர் நிறம் வந்தால் அது பாசியன்று. மேலும் மேலும் குளோரின் கொட்டினால் கறை ஓடுகளில் ஏறிவிடும். பி.எச். அளவைச் சீராக்கி, படிகாரத்தைக் கரைத்து ஊற்றி, பம்பை நிறுத்தி ஓர் இரவு படிய விட்டு, காலையில் அடிக்கசடை வடிகட்டிக்குள் விடாமல் வெளியே உறிஞ்சித் தள்ள வேண்டும்.

பணிகளை எப்போது செய்வது என்பதும் முடிவின் ஒரு பகுதி. அடிக்குழாய், ஓடு, குளத்தின் அடியிலுள்ள வடிவாயான மெயின் டிரெயின் ஆகியவற்றைப் பழுது பார்க்கக் குளத்தை முழுதும் காலி செய்ய வேண்டியிருந்தால் மாசி, பங்குனி மாதங்களே ஏற்றவை. ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் உயர்ந்து நிற்கும்போது, குறிப்பாக வயலோரத்திலும் ஆற்றோரத்திலும் அமைந்த வீடுகளில், காலியான குளத்தின் தளத்தைக் கீழிருந்து எழும் நீரழுத்தம் வெடிக்க வைக்கும், சில நேரம் தொட்டியையே தூக்கிவிடும். அடித்தளத்தில் அழுத்தம் விடுவிக்கும் வால்வு இருக்கிறதா என்பதைக் கட்டியவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அருகிலுள்ள கிணற்றின் நீர்மட்டம் குளத்தின் அடித்தளத்துக்குக் கீழே இறங்கிவிட்டதை நேரில் பார்த்த பிறகே நீரை வெளியேற்றத் தொடங்க வேண்டும்.